சருகணி டு ஓரியூர்: ஒரு நாள் நடை... கதையில் விடுபட்ட ஒரு பெண்!

காலை ஐந்தேகால் மணி. சருகணி கடைத்தெருவில் ஒரே ஒரு டீக்கடையில்தான் லைட் எரிகிறது. பிப்ரவரி முதல் வாரம் என்பதால் பனி இன்னும் விடவில்லை. பாய்லர் பக்கத்தில் கையைக் காட்டிக்கொண்டு நின்ற எங்கள் மூன்று பேரையும், தோளில் தொங்கிய பைகளையும் பார்த்துவிட்டு டீ மாஸ்டரே கேட்டார்:

"ஓரியூருக்கா போறீக? நடந்தா?"

ஆமாம் என்றோம்.

"அப்ப உக்காந்து பேசிக்கிட்டு இருக்காதீக தம்பி. வெயில் ஏர்றதுக்குள்ள திருவாடானையத் தாண்டிறணும். அங்கிட்டுப் போனா நெழலே கெடையாது."

அன்று கிடைத்த ஆலோசனைகளிலேயே உருப்படியானது அதுதான். நாங்கள் அதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மதுரையிலும் தேவகோட்டையிலும் 'பிரிட்டோ' என்ற பெயரில் இருக்கும் பள்ளிகளில் படித்தவர்கள் நிறைய பேர் இதை வாசிக்கக்கூடும். சீருடைப் பையில் அந்தப் பெயரைச் சுமந்திருப்பீர்கள். ஆண்டு விழாவில் அவர் தலை வெட்டப்படும் நாடகத்தில் காவலாளி வேஷம்கூடப் போட்டிருக்கலாம். அந்த பிரிட்டோ உண்மையில் கொல்லப்பட்ட இடம்தான் ஓரியூர். ராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டம், பாம்பாற்றங்கரை. மதுரை மாட்டுத்தாவணியில் தொண்டி பஸ் ஏறினால் பூவந்தி, சிவகங்கை, காளையார்கோவில், சருகணி, திருவாடானை என்று ஒரே நேர்கோடு மாதிரி கிழக்கே போகும். கடல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒதுங்கி இருக்கிறது ஓரியூர்.

முழுத் தூரத்தையும் நடக்க நாலைந்து நாள் வேண்டும். லீவு கிடைத்தது ஒரு நாள்தான். அதனால் சருகணியிலிருந்து ஓரியூர் வரை, சுமார் 30 கிலோமீட்டர் வரும் கடைசிக் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்தோம்.

நம்ம ஊர் 'கமினோ'வா இது?

ஸ்பெயினின் 'கமினோ' பற்றி ரீல்ஸ் பார்க்காதவர்கள் குறைவு. சாந்தியாகோ நகரத்தில் உள்ள புனித யாக்கோபு பேராலயத்தை நோக்கி ஐரோப்பா முழுவதிலுமிருந்து போகும் நடைபாதைகளின் வலை அது. வழியெல்லாம் மஞ்சள் அம்புக்குறி, தங்கிய ஊரில் எல்லாம் முத்திரை குத்திக்கொள்ள ஒரு சின்னப் புத்தகம், மலிவான தங்கும் விடுதி. கடைசி 100 கிலோமீட்டராவது நடந்ததற்கு அத்தாட்சி காட்டினால் லத்தீனில் எழுதிய சான்றிதழ் ஒன்றும் உண்டு. 2024-ல் மட்டும் சுமார் 5 லட்சம் பேர் அந்தச் சான்றிதழை வாங்கியிருக்கிறார்கள்.

ஓரியூருக்கு அம்புக்குறி கிடையாது, சான்றிதழும் கிடையாது. சொல்லப்போனால் 'பாதை' என்று ஒன்று தனியாக இல்லவே இல்லை. லாரி போகும் அதே ரோட்டில்தான் நடக்க வேண்டும். பிப்ரவரி 4 திருவிழாவையொட்டிச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நடந்தே வருகிறவர்கள் உண்டு. நேர்த்திக்கடன் இருந்தால் வேறு மாதங்களில், குறிப்பாகப் புதன்கிழமைகளில் வருவார்கள். அவர் கொல்லப்பட்டது ஒரு புதன்கிழமை. அதுவும் சாதாரணப் புதன் இல்லை, அந்த ஆண்டின் சாம்பல் புதன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் நடந்தது அவருடைய கடைசிப் பயணத்தின் வழி இல்லை. அவர் கைதியாகத் தெற்கிலிருந்து, ராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்குக் கொண்டுவரப்பட்டார். மதுரை, சிவகங்கை பக்கத்திலிருந்து போகும் பக்தர்கள் மேற்கிலிருந்து நுழைகிறார்கள். ரெண்டு வழியும் ஓரியூரில்தான் சந்திக்கின்றன.

சருகணியில் ஏன் தொடங்க வேண்டும்?

மறவர் சீமையின் பழைய கத்தோலிக்க மையங்களில் சருகணி ஒன்று. இந்தத் தேவாலயத்துக்கு மருது சகோதரர்கள் மானியம் கொடுத்தார்கள் என்பதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மேற்கே ஒரு பஸ் பயணத்தில் காளையார்கோவில். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அந்தச் சகோதரர்கள் புதைக்கப்பட்ட இடம் அதுதான். ஒரு பக்கம் சிவன் கோயிலுக்குப் பெரிய கோபுரம், இன்னொரு பக்கம் மாதா கோயிலுக்கு மானியம். அன்றைய பாளையக்காரர்களுக்கு இதில் முரண்பாடே தெரிந்திருக்காது.

தேவாலய வளாகத்தில் இன்னொருவரும் துயில்கிறார். பிரான்சிலிருந்து வந்து இந்தப் பக்கத்துக் கிராமங்களிலேயே வாழ்ந்து 1973-ல் இறந்த லூயி லெவே அடிகளார். அவரைப் புனிதராக அறிவிப்பதற்கான திருச்சபை நடைமுறைகள் தொடங்கியிருக்கின்றன. அந்த இருட்டிலும் கல்லறைப் பக்கம் யாரோ ஏற்றிய மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

அங்கேயே நின்றுவிட்டதால் கிளம்பும்போது மணி ஆறேமுக்கால். டீ மாஸ்டர் எங்களைப் பார்த்தது தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

யார் இந்த அருளானந்தர்?

இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647 மார்ச் 1-ல் லிஸ்பனில் பிறந்தவர். அப்பா பிரேசிலில் போர்த்துகல் அரசின் ஆளுநராக இருந்தவர். பையன் வளர்ந்தது அரண்மனையில், இளவரசர் பெட்ரோவின் தோழனாக. பின்னாளில் அந்த பெட்ரோதான் நாட்டுக்கு ராஜா. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 15 வயதில் ஜெசுயிட் சபையில் சேர்ந்தார். 1673-ல் குருப்பட்டம் பெற்றதும் கோவாவுக்குக் கப்பல் ஏறினார். அடுத்து வந்தது 'மதுரை மிஷன்' பணிக்கு.

இந்தப் பெயரைப் பார்த்து அவர் மதுரை நகரத்தில் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. மதுரை நாயக்கர் ஆட்சிப் பரப்பையும் அதையொட்டிய சீமைகளையும் சேர்த்து ஜெசுயிட்கள் வைத்த பெயர் அது. அதைத் தொடங்கியவர் 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, நம் பாடப்புத்தகத்துத் தத்துவ போதகர். காவி கட்டி, சைவ உணவு உண்டு, பிராமண சந்நியாசி மாதிரி வாழ்ந்தவர்.

அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. பிராமண சந்நியாசியாக வாழ்ந்தால் ஒடுக்கப்பட்ட சாதியினரோடு வெளிப்படையாகப் பழக முடியாது. பழகினால் மற்றவர்கள் வர மாட்டார்கள். இதற்கு 1640 வாக்கில் கண்டுபிடித்த வழிதான் 'பண்டார சுவாமிகள்'. பண்டாரம் எல்லாச் சாதியாரிடமும் போகலாம், வரலாம். அருளானந்தர் அப்படி ஒரு பண்டார சுவாமி. செங்காவி உடை, தலைப்பாகை, கையில் கோல். ஊர் ஊராக நடை. மறவர் சீமையில் வெளிப்படையாகப் போதிப்பதற்கு ஆபத்து இருந்ததால் பல நேரம் இரவில், காட்டுக்குள், ஒளிந்து ஒளிந்து.

1686-ல் முதல் தடவை பிடிபட்டார். சித்திரவதை, பிறகு ராமநாதபுரம் சேதுபதியின் முன்னால் விசாரணை. இனி என் சீமையில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விடுவித்தார் சேதுபதி. அதற்குப் பிறகு சபை வேலையாக ஐரோப்பா போனவரை, இப்போது ராஜாவாகிவிட்ட பழைய நண்பர் பெட்ரோ லிஸ்பனிலேயே தங்கச் சொன்னார். இவர் 1690-ல் திரும்பி வந்துவிட்டார்.

இதுவரைக்கும் பள்ளிக்கூட நாடகத்தில் எல்லாமே வரும். அடுத்த பகுதியில்தான் நாடகம் அவசரமாக ஓடிவிடும்.

'ஆத்தா... அந்தப் பொண்ணு பாவம் இல்லையா?'

திருவாடானைக்குப் போகும் ரோட்டின் ரெண்டு பக்கமும் இந்த நேரத்தில் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று இந்த வட்டத்தைச் சொல்வார்கள். ஆனால் காவிரிப் படுகை மாதிரி வாய்க்கால் தண்ணீர் இல்லை. மானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால் சோறு. புரட்டாசி வாக்கில் விதைத்தது தை, மாசியில் அறுப்புக்கு வரும். நாங்கள் போனபோது அறுப்பு மெஷின் ஒரு வயலில் ஓட, பக்கத்து வயலில் வைக்கோல் கட்டு உருண்டு கிடந்தது. அறுத்த நெல்லை ரோட்டிலேயே ஒரு பாதி அடைத்துக் காயப்போட்டிருந்தார்கள். நடக்கிறவனுக்கு அது வசதி. வண்டிகள் அந்தப் பக்கம் ஏறாது.

வயல் இல்லாத இடமெல்லாம் சீமைக்கருவேலம். நடுநடுவே பனை. எங்கோ கரிமூட்டம் புகைகிற வாசனை.

ஒரு கண்மாய்க் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தபோதுதான் அவர்களைப் பார்த்தோம். ஆறேழு பேர். எல்லோரும் பெண்கள், ஒரு தாத்தாவைத் தவிர. அதில் மூத்தவர் காலில் செருப்பே இல்லை. எழுபது வயதிருக்கும்.

"எந்தூருப்பா? மருதையா?" என்றார்.

மதுரைதான் என்றோம். உடனே ஒரு தூக்குவாளியிலிருந்து புளிச்சோறு வந்தது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை.

மருமகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. அதற்காகத்தான் நடை. ஓரியூரின் முக்கியமான வேண்டுதல் இதுதான். குழந்தை வரம் கேட்டு வருகிறவர்களில் இந்துக் குடும்பங்கள் ஏராளம். இவர்களும் இந்துக்கள்தான். குலதெய்வம் அய்யனார், வேண்டுதல் அருளானந்தருக்கு.

எங்களோடு வந்த தோழி கதையை ஆத்தாவிடமே கேட்டாள். ஆத்தா சொன்ன கதையின் சுருக்கம் இது: ஒரு ராசா. அவருக்கு நோவு. சாமியார் வந்து குணமாக்கினார். ராசா வேதத்தில் சேர்ந்து மற்ற பொண்டாட்டிகளை அனுப்பிவிட்டார். அதில் ஒருத்தி போய்க் கோள் மூட்டினாள். சாமியாரை வெட்டிவிட்டார்கள்.

"ஆத்தா, அந்தப் பொண்ணு பாவம் இல்லையா?" என்றாள் தோழி.

ஆத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவ என்னத்தா பண்ணுவா" என்றார். அவ்வளவுதான். எழுந்து சேலையை உதறிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

கடலாயி என்ன தப்பு செய்தாள்?

வரலாறு இதுதான். தடியத் தேவர் என்பவர் மறவர் அரச குடும்பத்தவர். சேதுபதி பட்டத்துக்கு உரிமை கோரக்கூடிய நிலையில் இருந்தவர். கடும் நோயில் கிடந்தவர் ஒரு வேதியர் வந்து செபித்த பிறகு குணமானதாகக் கிறிஸ்தவக் குறிப்புகள் சொல்கின்றன. ஞானஸ்நானம் வேண்டும் என்று அருளானந்தரிடம் கேட்டார். திருச்சபையின் விதி தெளிவானது: ஒரே மனைவி, அதுவும் முதல் மனைவி. தடியத் தேவர் ஒப்புக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரி 6-ல் ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி. அவள் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள்.

இந்த ஒரு வரியை எத்தனை பேர் நின்று வாசிக்கிறோம்? அந்தக் காலத்து ராஜ குடும்பத்தில் கல்யாணம் என்பது ரெண்டு பேர் விவகாரம் இல்லை. பட்டத்துக்கு ஆசைப்படக்கூடிய ஒருவருக்குச் சேதுபதி வீட்டுப் பெண் மனைவி என்றால், அது ரெண்டு கிளைகளுக்கும் நடுவில் போட்ட ஒரு முடிச்சு. அவளை வீட்டைவிட்டு அனுப்புவது அந்த முடிச்சை அவிழ்ப்பது. போட்டிக்காரன் புது மதத்தில் சேர்கிறான், கூடவே நம் வீட்டுப் பெண்ணையும் திருப்பி அனுப்புகிறான் என்றால், எந்த ராஜாவும் அதை வெறும் பக்தி விவகாரமாகப் பார்த்திருக்க மாட்டார்.

கடலாயியின் பக்கம் நின்று பார்த்தால் கதை இன்னும் கடுமை. அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது? மறுமணம் என்பது அரச குடும்பத்துப் பெண்ணுக்கு எளிதில்லை. கணவன் இல்லாத அரண்மனைப் பெண்ணின் கதி என்னவாகும் என்பதற்கு அதே ராமநாதபுரத்தில் ஒரு சான்று இருக்கிறது. இந்தக் கதையில் வரும் ரகுநாத கிழவன் சேதுபதி 1710-ல் இறந்தபோது அவருடைய 47 மனைவியர் உடன்கட்டை ஏறியதாக ஜெசுயிட் குறிப்புகளே சொல்கின்றன. ஏற்றப்பட்டார்கள் என்று எழுதுவதுதான் சரியாக இருக்கும்.

அப்படிப்பட்ட உலகத்தில் வாழ்ந்த ஒரு பெண், தன் வாழ்க்கை ஒரே நாளில் கைவிட்டுப் போனதும், தனக்கு இருந்த ஒரே பலமான உறவிடம் போய் முறையிட்டாள். இதைக் 'கோள் மூட்டினாள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பைபிள் வாசித்தவர்களுக்கு இந்த வார்ப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும். திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாளின் கதை அது. இங்கும் ஜான், அங்கும் ஜான். ரெண்டு பேருமே ஒரு ராஜ குடும்பத்துத் திருமண விவகாரத்தில் தலையை இழந்தவர்கள். ஆனால் ஏரோதியாள் செல்வாக்கோடு அரண்மனைக்குள் இருந்தவள், கடலாயி வெளியே அனுப்பப்பட்டவள். ஒரே அச்சில் வார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

இதைச் சொல்வதால் அருளானந்தரின் துணிச்சல் குறைந்துவிடாது. திரும்பி வந்தால் சாவுதான் என்று தெரிந்தே வந்தவர் அவர். பலதார மணத்தை எதிர்ப்பது இன்று நமக்கு நியாயமாகவே படும். ஆனால் அந்த நியாயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

ஜனவரி 8-ல் முனி என்ற ஊரில் கைது. அனுமந்தக்குடி வழியாக ராமநாதபுரம். அங்கே வைத்துக் கொன்றால் தடியத் தேவரின் ஆட்கள் கலவரம் செய்யலாம் என்ற பயமோ என்னவோ, ஓரியூரில் இருந்த தன் சகோதரர் உடையத் தேவரிடம் அனுப்பினார் சேதுபதி. கடைசி நாட்களில் சிறையிலிருந்து சக குருக்களுக்கு அவர் கடிதம் எழுதியிருக்கிறார். 1693 பிப்ரவரி 4-ல் தலை துண்டிக்கப்பட்டது. உடலைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். அவருக்கு 46 வயது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

கடலாயிக்கு அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கதை சொல்கிற யாரும் சொல்வதில்லை.

நடந்தால் சாதி கரையுமா?

திருவாடானைக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. ஆதிரத்தினேஸ்வரர் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரியும். தேவாரப் பாடல் பெற்ற தலம். கோயில் பக்கத்துக் கடையில் ஆளுக்கு ரெண்டு மோர் குடித்தோம். டீ மாஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கிருந்து வடகிழக்கே கிராமச் சாலை. அவர் சொன்ன மாதிரியே நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. எதிரில் கானல், காலில் கொப்புளம். பேச்சு நின்றுபோய்விட்டது.

யாத்திரை பற்றி எழுதிய மானுடவியலாளர் விக்டர் டர்னர் ஒரு கருத்தைப் பிரபலமாக்கினார். யாத்திரையில் அன்றாட வாழ்க்கையின் ஏற்றத்தாழ்வு எல்லாம் தற்காலிகமாகக் கரைந்து எல்லோரும் ஒன்றாகிறார்கள் என்பது அது. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் ஓரியூர் யாத்திரையை ஆராய்ந்து எழுதிய செல்வா ராஜ், டர்னரின் அந்தச் சித்திரத்தை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது என்று வாதிட்டார். இந்து, கிறிஸ்தவர் என்ற கோடு இங்கே சுலபமாகத் தாண்டப்படுகிறது. இரு தரப்பும் மொட்டை போடுகிறார்கள், ஆடு வெட்டுகிறார்கள், அசனம் போடுகிறார்கள். சாதிக் கோடு அவ்வளவு சுலபமாக அழிவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை. அன்று வழியில் எங்களிடம் பேசியவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி, "எந்தூரு?" அது சாதாரண விசாரிப்பு. அடுத்த கேள்வி, "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" இந்த ரெண்டாவது கேள்வி எதற்கு என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மதுரை என்றதும் எங்கள் மூன்று பேரையும் ஏரியா வாரியாக விசாரித்தார் ஒருவர். பண்டார சுவாமி வேஷம் எந்தச் சிக்கலுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ, அந்தச் சிக்கல் 380 வருஷமாக அதே ரோட்டில் கூடவே நடந்து வருகிறது.

ஆத்தா குழு மட்டும் அந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. புளிச்சோறு கொடுத்ததோடு சரி.

போக நினைத்தால்...

சில நடைமுறை விஷயங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரைதான் நடக்க ஏற்ற காலம். மார்ச் பிறந்துவிட்டால் இந்தச் சமவெளியில் பகலில் நடப்பது விபரீதம். மழைக்காலத்தில் கண்மாய்கள் பார்க்க அழகு, ஆனால் கிராமச் சாலைகள் சேறு. விடிவதற்கு முன் கிளம்புங்கள் (நாங்கள் செய்யாதது). ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு பாக்கெட் உப்புக்கரைசல். புது ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள். பழகிய செருப்பே மேல். திருவாடானையைத் தாண்டினால் கடைகள் குறைவு.

பெண்களோடு போனால் கழிப்பறைதான் பெரிய தலைவலி. வழியில் பெட்ரோல் பங்க் வந்தால் தாண்டிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியம் ரோடு. நெடுஞ்சாலையில் நடக்கும்போது எதிரில் வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்க வேண்டும். கூட்டமாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இடது பக்கம்தான் போகிறார்கள். பின்னால் வரும் லாரி கண்ணில் படாது. விடியற்காலையில் நடப்பவர்கள் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்வது அவசியம். வேளாங்கண்ணி, பழனி என்று எந்தப் பாதயாத்திரை சீசன் வந்தாலும், நடந்து போனவர்கள் மீது வாகனம் மோதியது என்ற செய்தி இல்லாமல் முடிவதில்லை.

இதே தை மாதத்தில் இதே தேவகோட்டை வட்டாரத்திலிருந்து நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கிறார்கள். ஓரியூர் பக்தர்கள் கிழக்கே போகும்போது அவர்கள் மேற்கே. பழனிக்குப் போகும் சாலையில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று ரோட்டை ஒட்டித் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஸ்பெயின் வரை போக வேண்டாம், திண்டுக்கல் பக்கம் இருப்பதைப் பார்த்தாலே போதும். சருகணி–திருவாடானை ரோட்டோரத்தில் ரெண்டு மீட்டர் அகலத்துக்கு மண்ணைச் சமன்படுத்தி, பத்து கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை வைத்தால் நடக்கிறவர்களுக்கும் உதவும், பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகளுக்கும் உதவும். மஞ்சள் அம்புக்குறி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். வழி கேட்டு நடப்பதில் கிடைத்த புளிச்சோறு அம்புக்குறி இருந்தால் கிடைத்திருக்காது.

சிவந்த மண்

ஓரியூர் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலரை. ஒரு நண்பர் கடைசி நாலு கிலோமீட்டரை யாரோ ஒருவரின் டூவீலரில் கடந்தார் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

1853-ல் அருளாளராகவும் 1947 ஜூன் 22-ல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டவரின் திருத்தலம் இது. இன்று சிவகங்கை மறைமாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் வயலும் உப்புக்காற்றும். அவர் கொல்லப்பட்டதாகச் சொல்லும் இடத்தில் மட்டும் மண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது நம்பிக்கை. செம்மண்ணின் நிறத்துக்கு அதில் உள்ள இரும்பு ஆக்சைடு காரணம் என்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். இதைச் சொல்லிக்கொண்டிருந்த நண்பரே குனிந்து ஒரு பிடி எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அம்மா கேட்டார்களாம்.

வளாகத்துக்கு வெளியே மர நிழல்களில் அடுப்புகள் எரிந்தன. ஊருக்கு ஓர் அடுப்பு, ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆத்தா குழு எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. வெறுங்காலோடு நடந்த எழுபது வயதுக்காரர், ஷூ போட்ட எங்களை ஒன்றரை மணி நேரம் முந்தியிருந்தார். மருமகள் செம்மண்ணைக் கொஞ்சம் முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். ஆத்தா அவளிடம் ஏதோ சொன்னார். அவள் இன்னொரு பிடி எடுத்து, தனியாக ஒரு காகிதத்தில் மடித்தாள்.

"இது யாருக்கு ஆத்தா?" என்று கேட்டாள் தோழி.

"எம் மகளுக்கு. அத்துக்கிட்டு வந்து வீட்ல இருக்கா."

தேவகோட்டை பஸ் கிளம்பப்போவதாக யாரோ கத்தினார்கள். கால்களை இழுத்துக்கொண்டு ஓடினோம்.